சாத்தியமில்லை என்ற சொல்லின் எடை

ஆடி பிறந்த மூன்றாம் நாள் நாணல்திட்டுக்கு வந்த கடிதம் நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தது. ஒற்றைத் தாள், நான்காக மடித்து, முத்திரை குத்திய பழுப்பு உறைக்குள் வைத்து ஒட்டியதுதான். செங்கழனி தபால் நிலையத்தில் எடுக்கும்போது தாளுக்குரிய எடைதான் இருந்ததென்றும், ஆற்றை நெருங்க நெருங்கக் கனத்துக்கொண்டே வந்ததென்றும், அரசமரத்து வளைவில் சைக்கிளின் பின் டயர் வெடித்து, துறைக்கு வந்து சேர்வதற்குள் கேரியரும் வளைந்துவிட்டதென்றும் தபால்கார சந்தானம் பிறகு எல்லோரிடமும் சொன்னார். அன்றைக்குப் படகு முறை குஞ்சம்மா அத்தையுடையது. திட்டில் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, ஆண் பெண் பாராமல் கோல் போடுவது எங்கள் வழக்கம். அத்தை உறையையும் சந்தானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னா சந்தானம், லெட்டரு கொண்டாந்தியா, அம்மிக்கல்லு கொண்டாந்தியா?"

"எதுவோ ஒண்ணு. கையெழுத்தப் போட்டு வாங்கிக்க அத்தாச்சி. என் சோலி முடிஞ்சுது."

"கையெழுத்து போடுறேன். கையில வாங்கச் சொல்லாத."

நான்கு பேர் பிடித்து அதைப் படகில் ஏற்றினார்கள், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே ஆற்றைக் கடந்தது, வேறு நான்கு பேர் இறக்கித் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் வைத்தார்கள், பூசாரி தங்கராசு உறையைப் பிரித்தார். நெட்டாற்றின் குறுக்கே ஒரு நடைபாலம் வேண்டும் என்று திட்டு மக்கள் ஆண்டுக்கு ஒன்றாக முப்பத்தொரு மனுக்கள் போட்டிருந்தார்கள். இது முப்பத்தோராவது பதில். 'தங்கள் கோரிக்கை நடைமுறையில் சாத்தியமில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது' என்று இருந்தது. படித்து முடித்த பூசாரி, இது கனப்பது அதிசயமில்லை, இத்தனை வருஷமாகக் கனக்காமல் இருந்ததுதான் அதிசயம் என்றார். அதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கோயில் உள்ளறையில் பழைய பதில்களைப் போட்டு வைத்திருந்த இரும்புப் பெட்டி அதே பகலில் தரையை உடைத்துக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்ததைப் பார்த்தபோதும் யாரும் கத்தவில்லை. கடப்பாரை எடுத்து வந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த முப்பத்தோராவது பதிலை எழுதியவள் நான்.

என் பெயர் தையல்நாயகி. நாணல்திட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். சிவில் படித்து, செங்கழனியில் சாலை, பாலம் பார்க்கும் அரசு அலுவலகத்தில் ஒப்பந்தத் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. டவுனில் விடுதியில் தங்கி, சனிக்கிழமை தோறும் திட்டுக்கு வருவேன். வைகாசியில் ஒரு நாள் நாணல்திட்டுக் கோப்பு என் மேசைக்கு வந்தது. என் சொந்த ஊர் என்று தெரிந்தால் பாரபட்சம் என்பார்களோ என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல், யாரையும் விட நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று கவலைப்பட்டு, "போன வருஷத்துப் பதிலையே போட்டுடும்மா" என்று உதவிப் பொறியாளர் சொன்னபடி அதையே தட்டச்சு செய்து, கீழே சுருக்கொப்பம் இட்டேன். பிறந்ததிலிருந்து பார்த்த ஆறு என்பதால் போய்ப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

நான் அந்தச் சனிக்கிழமை வந்தபோது திட்டு புது நிலைமைக்குப் பழகிவிட்டிருந்தது. எங்கள் பிழைப்பான பூவை எடை போடும் தராசையும், பெரியவற்றுக்கு நெல் தராசையும் கோயில் வாசலில் தொங்கவிட்டு, ஒவ்வொரு பதிலாக ஏற்றி இறக்கி, எந்தச் சொல்லுக்கு என்ன எடை என்று பார்த்து முடித்திருந்தார்கள். 'சாத்தியமில்லை' நூறு கிலோவுக்குக் குறையவில்லை. 'நடைமுறைக்கு ஒவ்வாது' எழுபதிலிருந்து எண்பதுக்குள் நின்றது. 'தற்போதைக்கு இயலாது' நாற்பது. 'வாய்ப்பில்லை' ஆளுக்கு ஆள் மாறியது. 'பரிசீலனையில் உள்ளது' கால் கிலோ சுத்தமாக இருந்ததால் பூ நிறுப்பதற்கு அதையே படிக்கல்லாக வைத்துக்கொண்டார்கள், டவுன் வியாபாரி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு மல்லிகையை வாங்கிப் போனார். 'ஆவன செய்யப்படும்' என்ற இரண்டு பதில்கள் மட்டும் பெட்டியைத் திறந்த உடனே எழும்பிப் பறந்து, ஒன்று பனை உச்சியில் சிக்கிக்கொண்டது, இன்னொன்று எங்கே போனது என்று தெரியவில்லை.

வீடு வீடாகவும் இதே கதைதான். ரேஷன் அட்டைக்கு வந்த பதிலைக் காற்றுக்குப் பாரமாகக் கூரைமேல் வைத்தார்கள், பட்டா கேட்டு வந்த பதிலில் மாட்டைக் கட்டினார்கள், சிறியதை ஊறுகாய் ஜாடிக்கு மேல் வைத்தார்கள். வேதவல்லி அக்காவின் வீட்டில் மட்டும் அந்தத் தாள் தலையணைக்கு அடியில் இருந்ததால் கட்டில் உடைந்துபோனது. வேலைக்குப் போய்ப் பதினோரு வருஷமாகத் திரும்பாத கணவரைத் தேடித் தரச் சொல்லி அவள் போட்ட மனுவுக்கு, 'கண்டறிய வாய்ப்பில்லை' என்று வந்த பதில் அது. அப்படி ஒரு மனு அவள் போட்டிருந்ததே அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் நான் கையை விட்டபோது இரண்டு தாள்கள் மட்டும் சாதாரணமாக இருந்தன. ஒன்று நான் வீட்டின் முதல் பட்டதாரி என்ற சான்றிதழ். இன்னொன்று, ஆழ்குழாய்க் கிணறு கேட்டதற்கு வந்த, 'நன்னீர் கிடைக்க வாய்ப்பில்லை' என்ற பதில். சான்றிதழ் கொடுத்தவர் படகேறி வந்து, எங்கள் வீட்டில் உட்கார்ந்து, அப்பா என்ன படித்தார், அவருடைய அப்பா என்ன படித்தார் என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். கிணற்றுக்காரர் மூன்று இடத்தில் துளை போட்டு, மூன்று தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்து, எங்களோடு கூழ் குடித்துவிட்டுத்தான் இல்லை என்றார். இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு விளங்கியது. இல்லை என்பதில் கனம் இல்லை. வந்து பார்க்காமல் எழுதிய இல்லைதான் கனக்கிறது. ஊரிலேயே அதிகக் கனமான தாள் யாருடையது என்பதும் எனக்குத் தெரியும், அதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

பாலம் என்பது திட்டுக்கு நீண்ட நாள் ஆசை, எங்கள் வீட்டுக்கு அந்த ஆண்டு அது அப்பாவின் உயிர். அப்பா கலியபெருமாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, செவ்வாயும் வெள்ளியும் செங்கழனி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. மேலே அணை நிரம்பி உபரி நீர் திறந்தால் நெட்டாற்றில் படகு போகாது. திறந்த தண்ணீர் வடிவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். போன ஆண்டு தண்ணீர் குறைவாக இருந்தும் நான்கு நாள் படகு நின்றதிலேயே அப்பாவின் முகம் வீங்கி, மூச்சு ஏறி, எங்களை யாரென்றே தெரியாமல் பார்த்தார். இந்த ஆண்டு தண்ணீர் அதிகம், பத்து நாளில் திறப்பார்கள் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது.

கோயில் வாசலில் கூட்டம் கூடியது. ஒவ்வொரு கோடையிலும் மூங்கிலில் பாலம் கட்டுவதும், ஒவ்வொரு ஆடியிலும் ஆறு அதைத் தூக்கிக்கொண்டு போவதும் புதிதல்ல. மூங்கிலுக்கு எடை போதாது, எங்கள் பக்கத்தில் கல் கிடையாது, மணல் மூட்டை கட்டினால் ஆறு தன் மணலைத் தானே அவிழ்த்து எடுத்துக்கொள்ளும். குஞ்சம்மா அத்தை எழுந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எடை இல்ல, எடை இல்லன்னு வருஷம் பூரா பொலம்புனீங்க. இப்ப வாசல்ல குமிஞ்சு கெடக்கு, அத வெச்சு ஊறுகா போடுறீங்க. தூக்கிப் பாலத்துல வைங்கடா."

"தண்ணிக்குள்ள வெச்சா எழுத்துக் கரைஞ்சுடுமே" என்றார் பூசாரி. அதை அப்போதே சோதித்தார்கள். நாற்பது கிலோ 'இயலாது' ஒன்றை அண்டாவில் முக்கியதும் மை கலைந்து, தாள் மிதந்தது.

"அப்ப காலுக்கு மேல, நடக்கிற தட்டுல வைப்போம். பாலித்தீன்ல சுத்தி."

நடக்கிற தட்டில் வைத்தால் மிதிக்க வேண்டும். எழுத்துள்ள தாளில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாதவர்கள் திட்டில் ஒருவரும் இல்லை. படிக்கத் தெரியாதவர்கள் இரண்டு முறை ஒற்றிக்கொள்வார்கள்.

"அது சரிப்படாது" என்றார் பூசாரி. "எழுத்து சரசுவதி. செருப்ப வெளிய விட்டுட்டுப் பள்ளிக்கூடம் போன ஊரு இது."

"சாமி எழுத்துல இருக்கும்தான், இல்லேங்கல" என்றாள் அத்தை. "இத எழுதினதுல ஒருத்தன்கூட இங்க வந்து பாக்கல. சாமி மட்டும் வந்துச்சாக்கும்?"

சிரிப்பு எழுந்து அடங்கியது. பூசாரி தாடையைத் தடவிவிட்டு, எழுத்து கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைப்பதானால் அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்று முடிவு சொன்னார். பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அத்தைதான் கேட்டாள்.

"படிச்ச புள்ள நீ. சொல்லு. நடக்குமா, நடக்காதா?"

சாத்தியமில்லை என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கணக்குப் போடாமலே வந்துவிட்டது, பழக்கத்தில். எங்கள் திட்டில் ஒரு காரியத்தைத் தொடங்கும் முன் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தோதுப்படும் என்றோ தோதுப்படாது என்றோ சொல்வார்கள், தொடாதவர்கள் வாய் திறப்பதில்லை. நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

"தெரியலத்த. எறங்கிப் பாத்துட்டுச் சொல்றேன்."

அந்தப் பகல் முழுவதும் கழுத்தளவுத் தண்ணீரில் கயிறும் மூங்கிலுமாக அளந்தேன், மறுநாளும் அளந்தேன். அகலம் இருநூற்றுப் பத்து அடி, ஆறடிக்கு ஒரு கால், ஆக முப்பத்துநான்கு கால்கள், கரையோரக் கால்களுக்கு எண்பது கிலோ, நடுக்கால்களுக்கு நூறு. மூன்று முறை போட்டும் ஒரே விடை வந்தது. கோயில் பெட்டி போதாது; வீட்டுப் பெட்டிகளும் வேண்டும். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. தனக்கு என்னென்ன மறுக்கப்பட்டது என்று ஊர் பார்க்க யார்தான் எடுத்து வைப்பார்கள்? மறுநாள் காலை வேதவல்லி அக்கா தன் தாளைச் சாக்கில் போட்டு, தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து கோயில் வாசலில் விட்டாள்.

"படுக்கையில வெச்சு என்னா கண்டேன். நாலு பேரு நடந்து போவட்டும்."

அதற்குப் பிறகு ஒரு வீடும் பாக்கியில்லை. ஆண்கள் படுகையில் மூங்கில் வெட்டினார்கள், பெண்கள் கயிறு முறுக்கினார்கள், பூ கட்டும் பாலித்தீனில் தாள்களைச் சுற்றித் தைத்தார்கள், ஒரு பக்கம் தைக்கும்போதே மறுபக்கம் ஒருவருக்கொருவர் பதில்களைப் படித்துக் காட்டி, "இது ஒனக்கும் வந்துச்சா!" என்று சிரித்தார்கள். எண்பத்திரண்டு வயது ராமாமிர்தத்துக்கு முதியோர் ஓய்வூதியம் மறுத்து வந்த தாளில், 'மனுதாரர் உயிருடன் இருக்க வாய்ப்பில்லை' என்று இருந்தது. அதை அவரே தூக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஒவ்வொரு காலிலும் நான் நின்றேன். பதினேழாவது கால், ஆற்றின் நட்ட நடு. அங்கேதான் ஆகக் கனமான தாள் வைக்க வேண்டும். எட்டுப் பேர் அந்த நூற்றுப் பதினெட்டு கிலோவைக் கழியில் கட்டிச் சுமந்து வந்தபோது, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய், "அப்பா, இது நான் எழுதினது" என்றேன். கழி சுமந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"தெரியும் ஆயி" என்றார் அப்பா. "அடியில சுருக்கொப்பம் போட்டிருக்கியே. நீ எட்டாவதுல நோட்டு பூராவும் போட்டுப் பழகுனது, எனக்குத் தெரியாதா?"

"ஏம்ப்பா கேக்கல?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன்." சற்று மூச்சு வாங்கிவிட்டு, "வேலைக்குப் பயந்து எழுதிட்ட. சரி. இப்ப அத எங்க வெக்கணும், அதச் சொல்லு."

"நடுவுலப்பா. பதினேழாவது கால்ல."

"பின்ன என்னாங்கடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் குஞ்சம்மா அத்தை கழிக்காரர்களைப் பார்த்து. என்னிடம் திரும்பி, "இன்னும் ரெண்டு எழுதிப் போட்டிருந்தீன்னா கைப்புடியும் வெச்சிருக்கலாம்" என்றாள். எட்டுப் பேரும் சிரித்ததில் கழி ஆடியது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் கயிறு கட்ட வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமையே இழுப்பு அதிகமாகிப் படகு நின்றது. அப்பாவின் ஒரு டயாலிசிஸ் போனது. புதன் மாலை பாலம் முடிந்தது, வியாழன் பகலில் தண்ணீர் வந்தது, சிவந்து, சுழித்து, வேரோடு பிடுங்கிய வாழைகளைத் தூக்கிக்கொண்டு வந்து மூங்கில் கால்களில் மோதிப் பார்த்தது, மோதிய இடத்தில் நுரைத்து விலகிப் போனது. தட்டுக்கு ஒரு முழம் கீழே ஆறு ஓடியது. பாலம் அசையவில்லை.

ஆனால் எங்களுக்கு அதில் நடக்கத் தெரியவில்லை. வெள்ளி அதிகாலை நான்கு மணிக்கே பூக்கூடைகளோடு கிளம்பிய வரிசை, தாள் வைத்த ஒவ்வோர் இடத்திலும் நின்று, கூடையை இறக்கி, குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கூடையைத் தூக்கி, ஆறடி தாண்டி, மறுபடி நின்றது. கவிழ்த்து வைத்தது எழுத்துக்குத்தான், கைக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் முன்னால் போன பூசாரி இருபதாவது காலைத்தான் எட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் முப்பது கூடைகள், அதற்கும் பின்னால் என் தோளைப் பிடித்தபடி அப்பா, முகம் வீங்கி, கணுக்கால் பளபளத்து, பேசினால் மூச்சு வாங்கும் நிலையில். ஆறு மணிக்குப் படுக்கை எங்கள் முறை. தவறினால் மாலைவரை காத்திருக்க வேண்டும், மாலைவரை அவர் தாங்குவாரா என்று எனக்குத் தெரியாது.

முதல் தாள் வந்தது. குனிந்தால் அப்பா எழ மாட்டார் என்று அவருக்கும் தெரியும். அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். கும்பிடவில்லை, குனியவில்லை, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாளின்மேல் அழுத்தமாகக் காலை வைத்தார்.

"வழி வுடுங்கடா" என்றார். கத்தவில்லை, கத்த முடியாது. ஆனால் கேட்டது. "எழுத்தக் கும்புடுறதுக்கு நான் மொதல்ல உசுரோட இருக்கணும்."

கூடைகள் ஓரமாக ஒதுங்கின. அவர் நடந்தார். ஒரு கால், இரண்டு கால், மூன்று கால் என்று மூச்சை எண்ணி எண்ணி, பூசாரியின் முதுகுவரை நடந்து, நின்றார். பூசாரி திரும்பிப் பார்த்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து, குனிந்த நிலையிலிருந்து நிமிர்ந்து, மீதிப் பதினான்கு கால்களையும் தொடாமல் முன்னால் நடந்து வழி காட்டினார். அன்றிலிருந்து நாணல்திட்டில் யாரும் அந்தப் பாலத்தில் குனியவில்லை. ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அப்பாவின் கையில் ஊசி ஏறியது.

பாலம் இருப்பது சீக்கிரத்தில் டவுனுக்குத் தெரிந்தது. ஆவணியில் கிராம அலுவலர் அந்தப் பாலத்தின் வழியாகவே வந்து, உயிரோடிருக்கும் ராமாமிர்தத்தைப் பார்த்து, அவர் கொடுத்த மோரைக் குடித்து, அங்கேயே உட்கார்ந்து பழைய பதிலைத் திருத்தி எழுதினார். அவர் கையெழுத்துப் போட்ட அதே நேரத்தில், அந்தத் தாளை வைத்திருந்த மூன்றாவது கால் விருட்டென்று ஒரு சாண் எழும்பியது. ஓடிப்போய்ப் பிரித்துப் பார்த்தால், பாலித்தீனுக்குள் வெறும் தாள். கணக்குக்கு மேல் மிஞ்சி மாடு கட்டியிருந்த பட்டாப் பதிலை அங்கே கொண்டுவந்து வைத்தோம், மாட்டை முளைக்குச்சியில் கட்டினோம்.

அடுத்த வாரமே உதவிப் பொறியாளர் என்னை அழைத்தார்.

"நாணல்திட்டு உங்க ஊராம்மா? சொல்லவே இல்லியே."

"ஆமா சார். சொல்லியிருக்கணும்."

"அங்க அனுமதி இல்லாம ஏதோ பாலம் கட்டியிருக்காங்களாம். பாலம் சாத்தியமா இல்லியான்னு மேல கேக்கறாங்க. ஏழு நாள்ல அறிக்கை குடுங்க."

இரவும் பகலுமாக யோசித்தேன். பார்த்துவிட்டேன், அளந்துவிட்டேன், இனி சாத்தியமில்லை என்று எழுத என் கை வராது. சாத்தியம் என்று எழுதினால், ராமாமிர்தத்தின் தாளைப் போலப் பாலத்துக்கு வந்த பதில்கள் எல்லாம் காகிதமாகிவிடும். நடுக்கால்கள் முழுவதும் அவைதான். வெள்ளம் தட்டை உரசிக்கொண்டு ஓடும்போது நடுக்கால்கள் லேசானால் அப்பா எந்த வழியாகப் போவார்? ஏழாம் நாள், 'வெள்ள மட்டம் அளந்துகொண்டிருக்கிறேன், ஆறு வடிந்ததும் முடிவு தெரிவிப்பேன்' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. விடுதியைக் காலிசெய்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தில் நடந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறு போட்டாள்.

வேலை போனாலும் அளப்பதை விடவில்லை. தினம் காலையும் மாலையும் பதினேழாவது காலில் மட்டம் குறித்தேன், எந்த மூங்கில் எத்தனை விரற்கடை சாய்ந்தது, எந்தக் கயிறு எப்போது தளர்ந்தது, எத்தனை பேர் கடந்தார்கள், எத்தனை கூடை கடந்தது, எல்லாம் எழுதினேன். ஐப்பசி மழையில் குடை பிடித்தபடி வேதவல்லி அக்கா கூட வந்து நின்றாள். கார்த்திகையில் தட்டுக்கு மேலே ஒரு சாண் தண்ணீர் ஓடிய மூன்று நாளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். தை பிறந்து ஆறு வடிந்தபோது அப்பா நாற்பத்தாறு முறை போய் வந்திருந்தார்.

தை மூன்றாம் வாரம் கோயில் வாசலில் கூட்டம். நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்தேன்.

"எழுதுனா நடுவுல உள்ளது பூரா காயிதமா ஆயிடும், அடுத்த ஆடிக்கு என்னா பண்ணுவ?" என்றார் பூசாரி. "இப்புடியே வுட்டா என்னாங்கிறேன். நிக்கிது. நடக்குறோம்."

"எழுதலன்னாலும் நிக்காது பூசாரி மாமா" என்றேன். "அடிமூங்கில் இப்பவே பூச்சி வெச்சிருக்கு. இன்னும் ஒரு ஆடி தாங்கும், அதுக்கு மேல இத்துடும். அதையும் அளந்து வெச்சிருக்கேன்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள், ஏனென்றால் பாலம் போனால் முதலில் போகிறவர் அவர். அப்பா வெற்றிலை போடுவதை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது, ஆனாலும் யோசிக்கும்போது வாய் மெல்லும்.

"இத்த மூங்கில்ல கனத்த ஏத்துனா மொத்தமா உள்ள போயிடும்" என்றார். "கல்லுப் பாலத்துக்கு எழுது ஆயி. ஆறு மாசம் இருக்கு, ஆடிக்கு. ஆறு மாசமும் போயி ஒக்காருவோம்."

அங்கேயே எழுதினேன். அகலம், ஆழம், மண், வெள்ள மட்டம், கடந்த தலைகள், நூற்று ஐம்பது நாள் கணக்கு, எல்லாவற்றுக்கும் கீழே கடைசி வரியில், 'நேரில் பார்த்து அளந்ததில், நெட்டாற்றின் குறுக்கே நிரந்தர நடைபாலம் சாத்தியம்' என்று எழுதி, சுருக்கொப்பம் இல்லாமல் முழுப் பெயரையும் எழுதினேன். பேனாவைத் தாளிலிருந்து எடுத்தபோது பதினேழாவது கால் முதலில் எழும்பியது, அதற்கு இருபுறமும் ஒவ்வொன்றாக எழும்பின, பாலத்தின் நடுப்பகுதி மூச்சு விட்டதைப் போல உயர்ந்து நின்றது. ஓரங்களில் வீட்டுப் பதில்கள் அப்படியே கனத்துக் கிடந்தன. பதினோராவது காலில் வேதவல்லி அக்காவின் தாளும் அசையவில்லை. "அதுக்கு இனிமேத்தான் எழுதணும்" என்றாள் அக்கா. "எழுதுவோம்க்கா" என்றேன்.

அன்றைக்கே கிளம்பினோம், நாற்பத்தோரு பேர், கால்களுக்கிடையில் முழங்காலளவு ஆறு ஓட, நடுவில் பாலம் நன்றாகவே ஆடியது. அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் அறிக்கையைப் புரட்டினார். கெட்ட மனிதர் இல்லை அவர். பக்கங்களைப் புரட்டப் புரட்ட வேகம் குறைந்ததை நான் பார்த்தேன்.

"நீங்க இப்ப இங்க வேலையில இல்லியேம்மா. இத அறிக்கையா எடுத்துக்க முடியாது."

"மனுவா எடுத்துக்குங்க சார். முப்பத்திரண்டாவது."

"சரி, வெச்சுட்டுப் போங்க. பாக்கறோம்" என்று ஓரத்தில் குறிப்பெழுதப் பேனாவை எடுத்தார். அவர் கை எந்தச் சொல்லை எழுதப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஏழு மாதம் அந்தக் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

"எழுதாதீங்க சார்" என்றேன். "இல்லன்னு எழுதுனாலும் சரி. வந்து பாத்துட்டு எழுதுங்க."

"இன்னிக்கெல்லாம் வர முடியாதும்மா."

"நாளைக்கு வாங்க" என்றாள் குஞ்சம்மா அத்தை. "நாங்க இங்கேயே இருக்கோம்." அவள் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பூசாரி, வேதவல்லி அக்கா, ராமாமிர்தம், வாசற்படிவரை ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அப்பா மட்டும் உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் செவ்வாக்கெழம ஆஸ்பத்திரி சார். அதுவரைக்கும் நிப்பேன்" என்றார்.

உதவிப் பொறியாளர் அப்பாவின் கையைப் பார்த்தார், முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஊசித் தழும்புகள். பேனா தாளுக்கு மேலே நின்றது. பிறகு அதை மூடினார்.

"நடுவுல ஆழம் எவ்வளவும்மா?"

"நோட்டுல இருக்கு சார்" என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். "வாங்க சார். எறங்கிக் காட்டுறேன்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, பேன்ட்டை முழங்கால்வரை மடக்க ஆரம்பித்தார்.